நாய்க்குப் பல் சுத்தம்: மயக்க மருந்து இல்லாமல் செய்யலாமா?

நாய்க்கும் பல் வலி உண்டு. ஆனால், "பல் வலிக்கிறது" என்று சொல்ல அதற்குத் தெரியாது.

மனிதனுக்குப் பல் வலித்தால், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறான். நாய் என்ன செய்யும்? ஒரு பக்கமாக மென்று தின்னும். அல்லது மெல்லாமலே விழுங்கும். வலியோடு வாலையும் ஆட்டும். "நன்றாகத்தானே சாப்பிடுகிறது!" என்று வீட்டில் உள்ளவர்கள் இருந்துவிடுவார்கள்.

இந்த வாயில்லா ஜீவனின் வாயைப் பற்றி அமெரிக்காவில் ஒரு பெரிய வாக்குவாதம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. நாயின் பல்லை மயக்க மருந்து கொடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டுமா? மயக்க மருந்து இல்லாமலும் செய்யலாமா? இதுதான் கேள்வி.

கேள்வி சிறியதுதான். ஆனால், அதில் ஒரு பிராணியின் உயிரும் வலியும் அடங்கி இருக்கின்றன.

மடியில் வைத்துச் சுரண்டுகிறார்கள்

அமெரிக்காவில் நாய்களுக்கு முடி வெட்டுவதற்கும் குளிப்பாட்டுவதற்கும் தனிக் கடைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கடைகள் சிலவற்றில் பல்லும் சுத்தம் செய்து தருகிறார்கள். "மயக்க மருந்து கிடையாது. ஆபத்து கிடையாது. செலவும் குறைவு" என்று விளம்பரம் செய்கிறார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்? நாயை மடியில் கிடத்திக்கொள்வார்கள். அல்லது மேஜையில் பிடித்துக்கொள்வார்கள். கூர்மையான கொக்கி போன்ற ஒரு கருவியால், பல்லில் படிந்துள்ள மஞ்சள் காரையைச் சுரண்டி எடுப்பார்கள். சிறிது நேரத்தில் பல் வெள்ளையாகிவிடும். நாயின் சொந்தக்காரருக்குப் பரம திருப்தி!

ஆனால், கால்நடைப் பல் டாக்டர்கள் இதை ஒப்புக்கொள்வது இல்லை. "இது பல் சுத்தம் அல்ல, பல்லுக்கு வெள்ளை அடிக்கும் வேலை" என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம்.

யார் சொல்வது சரி? அதை அறிய, முதலில் நாயின் வாய்க்குள் பார்க்க வேண்டும்.

42 பற்கள்

மனிதனுக்கு 32 பற்கள். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். குட்டிக்கு 28 பால் பற்கள் இருக்கும். அவை விழுந்து, ஆறேழு மாதத்துக்குள் நிலையான பற்கள் முளைத்துவிடும்.

முன்னால் இருப்பவை சின்னஞ்சிறு பற்கள். அவை 12. அடுத்து நீளமான கோரைப் பற்கள் நான்கு. அதற்குப் பின்னால், இறைச்சியைக் கிழிக்கவும் எலும்பைக் கடிக்கவும் உதவும் பற்கள் 26.

நாய் வாயைத் திறந்தால் எல்லாப் பற்களும் தெரிவது போல் இருக்கும். உண்மையில் தெரிவது கொஞ்சம்தான். பல்லின் பெரும் பகுதி, அதாவது வேர், ஈறுக்கும் தாடை எலும்புக்கும் உள்ளே மறைந்து இருக்கிறது. நோய் குடிபுகும் இடமும் அதுதான்.

ஊத்தை கல்லாகிறது

நாய் சாப்பிட்ட பிறகு, பல்லின் மேல் மெல்லிய பசை போல ஒன்று படிகிறது. இதுதான் ஊத்தை. இதில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. இந்த நிலையில் தேய்த்தால் போய்விடும்.

தேய்க்காமல் விட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் சேரும். சில நாட்களிலேயே ஊத்தை கெட்டிப்பட்டுக் காரையாகிவிடும். பிறகு பிரஷ்ஷால் தேய்த்தாலும் போகாது. நாயின் எச்சிலில் காரத்தன்மை அதிகம். அதனால் நாய்க்குச் சொத்தைப் பல் குறைவு. ஆனால், காரை சீக்கிரம் பிடிக்கும்.

காரை பார்க்க அசிங்கமாக இருக்கும். என்றாலும், உண்மையான எதிரி அது அல்ல. ஈறுக்கு அடியில், பல்லுக்கும் சதைக்கும் இடையே உள்ள பள்ளத்தில் ஒளிந்துகொள்ளும் கிருமிகள்தான் எதிரி. அவற்றால் முதலில் ஈறு சிவக்கும், வீங்கும், ரத்தம் கசியும். பிறகு பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் அறும். எலும்பு கரையும். கடைசியில் பல் ஆடும், விழும். சில சமயம் சீழ் வைத்து, கண்ணுக்குக் கீழே வீங்கும்.

மூன்று வயதைத் தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஈறு நோய் ஓரளவாவது இருக்கிறது என்று டாக்டர்கள் கூறுகிறார்கள். சிறிய ஜாதி நாய்களுக்கு இது இன்னும் அதிகம். சின்ன வாய்க்குள் 42 பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பது அதற்கு ஒரு காரணம்.

டாக்டர் செய்யும் முறை

கால்நடை டாக்டர் பல்லைச் சுத்தம் செய்யும் முறை என்ன?

முதலில் நாயின் உடம்பைச் சோதிக்கிறார். ரத்தப் பரிசோதனை செய்கிறார். ஈரல், சிறுநீரகம் எல்லாம் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கிறார். பிறகு மயக்க மருந்து கொடுக்கிறார்.

நாய் மயங்கியதும், மூச்சுக் குழாய்க்குள் ஒரு ரப்பர் குழாயைச் செலுத்துகிறார். இந்தக் குழாய் மிக முக்கியம். இது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, நாய்க்குப் பிராண வாயுவும் மயக்க வாயுவும் இதன் வழியாகப் போகின்றன. இரண்டு, வாயில் ஊற்றும் தண்ணீரும், உடைந்து விழும் காரையும், கிருமிகளும் நுரையீரலுக்குள் போகாமல் இது அணை போட்டுத் தடுக்கிறது.

ஒருவர் நாயின் அருகிலேயே இருந்து, இதயத் துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், உடம்புச் சூடு ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்.

பிறகு, டாக்டர் ஒவ்வொரு பல்லாகச் சோதிக்கிறார். அளவு குறித்த மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு, பள்ளத்தின் ஆழத்தை அளக்கிறார். 3 மில்லி மீட்டருக்கு மேல் கம்பி உள்ளே போனால், அங்கே நோய் இருக்கலாம் என்று அர்த்தம். பிறகு எக்ஸ்ரே எடுக்கிறார். ஈறுக்கு மேலும் கீழும் உள்ள காரையை அகற்றுகிறார். பல்லின் வெளிப்பக்கம் மட்டும் அல்ல; நாக்குப் பக்கமும் சுத்தம் செய்கிறார். கடைசியாகப் பல்லுக்கு மெருகு போடுகிறார்.

மெருகு எதற்கு? அழகுக்காக அல்ல. கருவியால் சுரண்டும்போது பல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. அப்படியே விட்டால், அந்தச் சொரசொரப்பில் ஊத்தை முன்னிலும் வேகமாகப் படியும். மெருகு போட்டால் பல் வழவழப்பாகிவிடும்.

விழித்திருக்கும் நாயிடம் முடியுமா?

இந்த வேலைகளை விழித்திருக்கும் நாயிடம் செய்ய முடியுமா?

மனிதன் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்காருவான். "கொஞ்சம் வலிக்கும், ஆடாதீர்கள்" என்றால் பொறுத்துக்கொள்வான். தன் நன்மைக்காகத்தான் இது நடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். நாய்க்கு அது தெரியாது. யாரோ பிடித்து அமுக்குகிறார்கள், வாயில் கூர்மையான ஏதோ குத்துகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

நாய் திமிறும். கருவி வழுக்கும். ஈறு கிழியும். உதடோ நாக்கோ வெட்டுப்படும். சிறிய நாய்களுக்குக் கீழ்த்தாடை எலும்பு மெல்லியது. ஈறு நோயால் அது கரைந்துபோய் இருந்தால், பலமாக அமுக்கும்போது எலும்பே முறியலாம். வலி தாங்காமல் நாய் கடித்தால், கடிபட்டவர் பாடு திண்டாட்டம்.

"எங்கள் நாய் சாது. சும்மா படுத்திருக்கும்" என்று சிலர் சொல்லலாம். அப்படியே இருந்தாலும், கடைவாயின் உட்பக்கம் கருவி எட்டாது. ஈறுக்கு அடியில் சுரண்டினால் எந்தச் சாது நாயும் சும்மா இராது. விழித்திருக்கும் நாயின் வாய்க்குள் படத்தை வைத்து எல்லாப் பற்களையும் எக்ஸ்ரே எடுக்கவும் முடியாது. ஆகவே, வெளியில் தெரியும் பகுதி மட்டும்தான் சுத்தமாகும்.

"முழு மயக்கம் வேண்டாம், லேசாகத் தூங்க மருந்து கொடுத்துச் செய்யலாமே?" என்றும் சிலர் கேட்கிறார்கள். அது இன்னும் மோசம். அரைத் தூக்கத்தில் இருக்கும் நாயால் சரியாக இருமக்கூட முடியாது. மூச்சுக் குழாயில் ரப்பர் குழாயும் இல்லை. வாயில் சேரும் தண்ணீரும் அழுக்கும் எங்கே போகும்? நுரையீரலுக்குப் போகலாம்.

வெள்ளைப் பல் ஏமாற்றும்

இதில் பெரிய ஆபத்து காயம் அல்ல, ஏமாற்றம்தான்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. 1998-ல் அதன் முடிவு வெளியாயிற்று. 226 நாய்களின் பற்கள் முழுவதையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வெளியில் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாத பற்களையும் எக்ஸ்ரேயில் சோதித்தார்கள். நூற்றுக்கு சுமார் 28 நாய்களில், அப்படிப்பட்ட பற்களிலேயே சிகிச்சைக்கு முக்கியமான கோளாறு மறைந்திருந்தது தெரிய வந்தது.

பழகிய டாக்டரின் கண்ணையே பல் ஏமாற்றுகிறது! அப்படி இருக்க, முடி வெட்டும் கடையில் கண்ணால் பார்த்துச் சுரண்டினால் என்ன தெரியும்?

காரை போய்விட்டது. பல் பளபளக்கிறது. "சுத்தமாகிவிட்டது" என்று குடும்பத்தினர் நிம்மதி அடைகிறார்கள். ஈறுக்கு அடியில் நோய் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. அடுத்த ஆண்டும் இதே சுரண்டல், இதே நிம்மதி. கடைசியில் டாக்டரிடம் போகும்போது, காப்பாற்றி இருக்கக்கூடிய பற்களைப் பிடுங்க வேண்டி வருகிறது. சுவரில் விரிசல் இருக்க, மேலே சுண்ணாம்பு அடித்த கதைதான்!

மயக்க மருந்தில் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. அதை மறைப்பது சரி அல்ல.

மயக்க மருந்தின் சரித்திரமே பல் டாக்டரோடு சேர்ந்ததுதான். 1846 அக்டோபர் 16-ந் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் வாயுவைக் கொடுத்து ஒரு நோயாளியை மயங்க வைத்தார். மற்றொரு டாக்டர் அவருடைய கழுத்தில் இருந்த கட்டியை அறுத்து எடுத்தார். கூட்டத்தின் முன்னால் நடந்த அந்தச் சோதனையின் செய்தி உலகம் முழுவதும் பரவியது. அன்று முதல் இன்று வரை, மயக்க மருந்து மேலும் மேலும் பத்திரமாகிக்கொண்டு வருகிறது. ஆனால், ஆபத்து அடியோடு நீங்கிவிடவில்லை.

நாய்களுக்கு எவ்வளவு ஆபத்து? இங்கிலாந்தில் இதைக் கணக்கு எடுத்தார்கள். 98 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய விவரம் திரட்டினார்கள். 2008-ல் அது வெளியாயிற்று. பல் வேலை மட்டும் அல்ல. எல்லா வகை ஆபரேஷன்களும் அந்தக் கணக்கில் அடங்கும்.

மொத்தத்தில், சுமார் 600 நாய்களுக்கு ஒன்று மயக்க மருந்து தொடர்பாக இறந்தது. உடல் நலமாக இருந்த நாய்களை மட்டும் எடுத்துக்கொண்டால், சுமார் 1,850-க்கு ஒன்றுதான் இறந்தது. நோயுற்ற நாய்களிலோ 75-க்கு ஒன்று இறந்தது.

இந்த எண்களை ஊன்றிப் பார்க்க வேண்டும். பயப்படுகிறவருக்கும் இதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் ஒரு பிள்ளை போல வளர்ந்த நாய், 1,850-ல் ஒன்றாக இருந்துவிட்டால் என்ன ஆறுதல் சொல்ல முடியும்?

ஆனால், இதே எண்கள் வேறு ஒரு பாடமும் சொல்கின்றன. நலமான நாய்க்கு ஆபத்து மிகக் குறைவு. நோயுற்ற நாய்க்கு அது பல மடங்கு அதிகம். "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடப் போட, நாய்க்கு வயது ஏறும். வேறு நோய்களும் வந்து சேரலாம். இன்று சிறிய ஆபத்தோடு முடியும் காரியம், நாளைக்குப் பெரிய ஆபத்தாகிவிடும். பயத்தால் தள்ளிப்போடுவதே, பயந்த காரியத்தைக் கொண்டுவந்து விடலாம்.

வயதான நாய்க்கு?

"எங்கள் நாய்க்கு 12 வயது. அதற்கு மயக்க மருந்து கொடுக்கலாமா?" என்று பலர் தயங்குகிறார்கள்.

வயது ஒரு நோய் அல்ல என்கிறார்கள் டாக்டர்கள். வயதைப் பார்ப்பதை விட, இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் நிலையைப் பார்க்க வேண்டும். சோதித்துப் பார்த்து, தகுந்த மருந்தையும் அளவையும் டாக்டர் தேர்ந்தெடுப்பார். சில நாய்களுக்கு மயக்க மருந்து உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்போதும் என்ன செய்வது என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். கடைக்காரர் அல்ல.

சங்கங்களின் தீர்ப்பு

அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி, மயக்க மருந்து இல்லாத பல் சுரண்டலைக் கண்டித்து இருக்கிறது. அமெரிக்கப் பிராணி ஆஸ்பத்திரிகள் சங்கம் 2013-ல் வெளியிட்ட நெறிமுறையில், மயக்க மருந்தும் மூச்சுக் குழாய்ப் பாதுகாப்பும் அவசியம் என்று கூறியது. 2019-லும் அதையே வலியுறுத்தியது. உலகச் சிறு பிராணி கால்நடை டாக்டர்கள் சங்கம் 2020-ல் வெளியிட்ட பல் நெறிமுறைகளும் இதே கருத்தைத்தான் சொல்கின்றன.

கலிபோர்னியா மாநிலத்தின் விதி தெளிவாக இருக்கிறது. கருவியால் காரை எடுப்பது, கால்நடை மருத்துவத்தில் அடங்கும் பல் சிகிச்சை. ஆனால், பஞ்சு, துணி, பல் பிரஷ், பல் பசை போன்றவற்றைக் கொண்டு யாரும் நாயின் பல்லைத் துலக்கலாம். இந்தப் பிரிவினை நியாயமானது. துலக்குவது வேறு. சுரண்டுவது வேறு.

ஏழைக்கு என்ன வழி?

அமெரிக்காவில் டாக்டரிடம் பல் சுத்தம் செய்யப் பல நூறு டாலர் ஆகிறது. பல் பிடுங்க வேண்டி வந்தால் இன்னும் கூடும். கடையில் அதைவிட மிகக் குறைவு. ஆகவே, கடைக்குப் போகிறவர்களை எல்லாம் நாய் மேல் அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அக்கறை இருப்பதால்தான் போகிறார்கள். கையில் பணம் இல்லாததால் அங்கே போகிறார்கள்.

டாக்டர்களும் இதை உணர வேண்டும். "அது தவறு" என்று சொன்னால் மட்டும் போதாது. செலவு எவ்வளவு, எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே விளக்க வேண்டும். தவணையில் வாங்கிக்கொள்ள முடியுமானால் அதற்கும் வழி செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலேயே பல் துலக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். காசு குறைந்த வைத்தியம் அதுதான்.

வீட்டில் செய்யக்கூடியது

நாய்க்குத் தினமும் பல் துலக்கலாம். குட்டியிலிருந்தே பழக்கினால் எளிது.

முதல் சில நாட்கள், உதட்டைத் தூக்கி விரலால் பல்லைத் தொட்டால் போதும். பிறகு ஈரத் துணியை விரலில் சுற்றித் தேய்க்கலாம். அது பழகியபின், மெதுவான பிரஷ்ஷைப் பயன்படுத்தலாம். வெளிப்பக்கம் தேய்த்தாலே பெரிய பலன் உண்டு. ஒவ்வொரு நாளும் முடிந்தபின், தட்டிக்கொடுத்துப் பாராட்ட வேண்டும்.

மனிதர் உபயோகிக்கும் பற்பசை கூடவே கூடாது! நாய்க்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். பற்பசையில் உள்ள புளோரைடு அதற்கு ஆகாது. சில பற்பசைகளில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கிறது. அது நாய்க்கு விஷம். ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும். நாய்க்கென்றே தனிப் பசை விற்கிறார்கள். அது இல்லாவிட்டால் வெறும் தண்ணீரே போதும்.

கெட்டியான எலும்பையும் மான் கொம்பையும் கொடுத்தால் பல் சுத்தமாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அவற்றைக் கடித்துக் கடைவாய்ப் பல் பிளந்த நாய்கள் அநேகம். நகத்தால் அழுத்தினால் சிறிதாவது பள்ளம் விழ வேண்டும். விழாத பொருளை நாய்க்குக் கொடுக்கக் கூடாது.

ஆனால் ஒன்று. ஏற்கெனவே ஈறு வீங்கி, ரத்தம் வருகிற நாய்க்குத் திடீரென்று பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. வலியால் அது பிரஷ்ஷையே வெறுத்துவிடும். முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இவற்றைக் கவனியுங்கள்

வாயில் துர்நாற்றம், எச்சில் ஒழுகுதல், தீனியைக் கீழே போடுதல், ஒரு பக்கமாக மெல்லுதல், முகத்தைத் தொட்டால் உறுமுதல், கண்ணுக்குக் கீழே வீக்கம், எச்சிலில் ரத்தம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கால்நடை டாக்டரைப் பார்க்க வேண்டும். "நாய் வாய் நாறத்தானே செய்யும்" என்று விட்டுவிடக் கூடாது. நல்ல வாய் நாறாது.

டாக்டரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். முன்னால் ரத்தப் பரிசோதனை உண்டா? மூச்சுக் குழாயில் குழாய் வைப்பீர்களா? மயக்கத்தில் இருக்கும்போது கூடவே இருந்து கவனிப்பவர் யார்? பல்லை எக்ஸ்ரே எடுப்பீர்களா? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

முடிவு என்ன?

மயக்க மருந்து கொடுத்து, முறையாகச் செய்யும் பல் சுத்தத்தில் சிறிய ஆபத்து இருக்கிறது. அது கணக்கெடுக்கப்பட்ட ஆபத்து. அதைக் குறைக்க வழி இருக்கிறது. கூடவே நின்று கவனிக்க ஆள் இருக்கிறார்.

மயக்க மருந்து இல்லாத சுரண்டலிலும் ஆபத்து இருக்கிறது. அந்த ஆபத்து வெளியே தெரியாது. ஈறுக்குள் ஒளிந்திருக்கும். வெள்ளைப் பல்லைக் காட்டிச் சிரிக்கும்.

நாய் வீட்டைக் காக்கிறது. குழந்தைகளோடு விளையாடுகிறது. கேட்பது ஒரு பிடி சோறும் கொஞ்சம் அன்பும்தான். தன் வலியைச் சொல்ல அதற்கு வழி இல்லை. ஆகவே, அதற்காக யோசித்து முடிவு செய்யும் பொறுப்பு, அதை வளர்ப்பவருடையது. பல் வெள்ளையாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. வலி இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.